‘லெட் மீ இன்’: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடன் நாட்டு ரத்தக்காட்டேரிப் படம் ஒன்றையும் அதன் அமெரிக்க ரீமேக்கையும் நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வது என் வழக்கம். பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட்டுவிட்டு, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். முதல் பாதியைப் படம் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கதை உடையும் இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

இது என்ன படம்? எதோட ரீமேக்?

‘லெட் மீ இன்’ 2010இல் வந்த அமெரிக்கப் படம். இயக்குநர் மேட் ரீவ்ஸ். பின்னாளில் ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ வரிசையில் இரண்டு படங்களும் 2022இல் ‘தி பேட்மேன்’ படமும் எடுத்தவர். இதன் மூலப் படம் 2008இல் வந்த ஸ்வீடன் படம். உலகம் முழுக்க ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற ஆங்கிலப் பெயரில் அறியப்படும் அதை இயக்கியவர் தாமஸ் ஆல்ஃப்ரெட்சன். இரண்டுக்கும் அடிப்படை யோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய நாவல். ஸ்வீடன் படத்துக்குத் திரைக்கதையும் அவரேதான்.

கதை இரண்டிலும் ஒன்றுதான். பள்ளியில் தினமும் அடி வாங்கும் 12 வயதுப் பையன். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், நண்பர்கள் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு பெரியவரோடு ஒரு சிறுமி குடிவருகிறாள். கொட்டும் பனியில் செருப்பில்லாமல் வந்து நிற்கிறாள். இருவருக்கும் நட்பு உண்டாகிறது. அவள் உயிர்வாழ மனித ரத்தம் வேண்டும் என்பது பையனுக்குப் பிறகுதான் தெரிகிறது. ஸ்வீடன் படத்தில் அவர்கள் ஓஸ்கர், ஏலி. அமெரிக்கப் படத்தில் ஓவன், ஆபி.

பேய்ப் படமா, நட்புப் படமா? ராத்திரி தனியா பார்க்கலாமா?

தனியாகப் பார்க்கலாம். திடீரென்று சத்தம் போட்டுத் தூக்கிவாரிப் போட வைக்கும் வித்தை ரீமேக்கில் கொஞ்சம் உண்டு, மூலத்தில் மிகக் குறைவு. பயத்தைவிடத் தனிமைதான் அதிகம் உறைக்கும். இரண்டு படங்களிலும் அதிக நேரம் ஓடுவது அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் இரவில் பேசிக்கொண்டிருப்பதுதான். பையன் தன் ரூபிக் க்யூபைக் கொடுத்துவிட்டுப் போகிறான், மறுநாள் வந்து பார்த்தால் அது முடிக்கப்பட்டு இருக்கிறது. அந்த இடத்தில் எந்தப் பேய்ப் படமும் ஞாபகத்துக்கு வராது.

ஆனால் ரத்தம் வரும் இடங்களில் தாராளமாகவே வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

சின்னப் பிள்ளைங்க நடிச்ச படம்தானே, வீட்டுப் பிள்ளைங்களோட பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் இரண்டுக்குமே ‘ஆர்’ சான்றிதழ். அதாவது 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் திரையரங்குக்குள் போகலாம். கொலைகள் நேராகக் காட்டப்படுகின்றன. அதைவிட, பள்ளியில் பையன் படும் சித்திரவதையைச் சின்னப் பிள்ளைகளால் தாங்க முடியாது என்பது என் எண்ணம். ஏன், பெரியவர்கள் சிலருக்கே அந்தக் காட்சிகளில் எழுந்து போய்விடத் தோன்றும்.

ரெண்டுல எதை முதல்ல பார்க்கணும்?

ஸ்வீடன் படத்தை. மூலத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. ரீமேக் ஒரு முக்கியமான விஷயத்துக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லிவிடுகிறது. மூலம் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. பதில் தெரிந்துகொண்டு மூலத்தைப் பார்த்தால் அந்த ஊசலாட்டம் உங்களுக்குக் கிடைக்காது. அது என்ன விஷயம் என்பது கீழே, எச்சரிக்கைக்கு அப்புறம்.

இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்காதீர்கள். பார்த்தால் இரண்டாவது படம் முழுக்க ‘இது அங்கே எப்படி இருந்தது’ என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். சில வாரம் இடைவெளி விட்டால் ரீமேக்குக்கும் நியாயம் கிடைக்கும்.

ஸ்வீடிஷ் தெரியாது. எந்த சப்டைட்டிலா இருந்தாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 2009இல் அமெரிக்காவில் டிவிடி வந்தபோது, திரையரங்கில் ஓடிய சப்டைட்டிலை எடுத்துவிட்டு, மொட்டையாகச் சுருக்கிய வேறொன்றைப் போட்டுவிட்டார்கள். நகைச்சுவையும் பிள்ளைகள் பேச்சின் தயக்கமும் அதில் காணாமல் போயிருந்தன. ரசிகர்கள் கொதித்தெழுந்ததும், திரையரங்கச் சப்டைட்டிலோடு அடுத்த பிரதிகளை வெளியிட்டார்கள். இரண்டு வகையும் இன்னமும் புழக்கத்தில் இருப்பதால் வசனம் மொட்டையாகப் பட்டால் வேறு பிரதி தேடுங்கள். ஆங்கில டப்பிங்கும் இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நல்லா ஓடின படத்தை ரெண்டே வருஷத்துல ரீமேக் பண்ண என்ன அவசரம்?

வியாபாரம்தான். சப்டைட்டில் படித்துப் படம் பார்ப்பவர்கள் அமெரிக்காவில் குறைவு. நியூயார்க்கின் ட்ரைபெக்கா விழாவில் 2008இல் மூலம் முதல் பரிசு வாங்கியது. அந்த ஆண்டே ரீமேக் பேச்சும் தொடங்கிவிட்டது. தயாரித்தது பிரிட்டனின் ஹாமர் நிறுவனம். 1958இல் கிறிஸ்டோபர் லீயை வைத்து ‘டிராகுலா’ எடுத்த அதே ஹாமர்தான். நெடுங்காலம் முடங்கிக் கிடந்து, அப்போதுதான் புது நிர்வாகத்தின்கீழ் எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய ரத்தக்காட்டேரிக் கம்பெனி மறுபடி எழ ஒரு ரத்தக்காட்டேரிக் கதையையே பிடித்ததில் ஆச்சரியமில்லை.

ரீவ்ஸ் இதில் வந்து சேர்ந்ததற்கு வேறு காரணம் இருந்தது. நாவலைப் படித்ததும் தன் சிறுவயது நினைவுக்கு வந்தது என்று லிண்ட்க்விஸ்டுக்கே எழுதினார். பெற்றோர் பிரிவு, பள்ளியில் அடி எல்லாம் அவருக்கும் தெரிந்தவையே. நடித்த இரு பிள்ளைகளிடமும் படப்பிடிப்பு முடியும்வரை மூலப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நல்ல யோசனை. ஓவனாக வரும் கோடி ஸ்மிட்-மெக்ஃபீயிடம் ஓஸ்கரின் சாயல் துளிகூட இல்லாமல் இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சீனுக்கு சீன் காப்பின்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. முற்றத்துப் பேச்சு, அழைப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைவது, உறைந்த ஏரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாள், நீச்சல் குளம் எல்லாம் இரண்டிலும் உண்டு. சில வசனங்கள்கூட அப்படியே இருக்கும். மூலத்தை நன்றாக நினைவில் வைத்திருப்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் எரிச்சலடைவது நியாயம்தான்.

ஆனால் யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது மாறிவிட்டது. ஸ்வீடன் படம் ஒரு குடியிருப்பையே பார்க்கிறது. வேலைவெட்டி இல்லாமல் உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கும் நடுத்தர வயதுக்காரர்கள், வீடு முழுக்கப் பூனை வளர்க்கும் ஒருவர், அவர்களுக்குள்ளே காதல், சண்டை என்று ஓஸ்கருக்குச் சம்பந்தமில்லாத வாழ்க்கைகள் அதில் ஓடுகின்றன. ரீவ்ஸ் அதையெல்லாம் உதறிவிட்டு ஓவன் பக்கத்திலேயே நிற்கிறார். அக்கம்பக்கத்தார் நமக்குத் தெரிவதே ஓவன் தொலைநோக்கியில் எட்டிப் பார்க்கும்போதுதான். ஊரின் கதை ஒரு பையனின் கதையாகிவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவையும் உண்டு. துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் வருகிறார். படம் நடுவிலிருந்து தொடங்குகிறது: பனிமலைப் பாதையில் ஆம்புலன்ஸ், முகம் வெந்துபோன ஒரு மனிதர், மருத்துவமனை, அதன்பிறகு இரண்டு வாரம் பின்னோக்கி. அப்புறம் ஒரு கார் காட்சி. பெரியவர் குப்பைப் பையை முகமூடியாக மாட்டிக்கொண்டு ஒரு காரின் பின்சீட்டில் பதுங்கியிருக்கிறார். ஒருவன்தான் வருவான் என்று எதிர்பார்த்தால் இரண்டு பேர் ஏறுகிறார்கள். கேமராவும் அவரோடு பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கார் பின்னோக்கிப் பாய்ந்து சாலையிலிருந்து உருளும்போதுகூட வெட்டாமல் உள்ளேயே உருள்கிறது. மூலத்தில் எங்குமே இல்லாத படபடப்பு இது. கொலை செய்யப் போகிறவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் பதறுகிறோம். ரீமேக்கை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு காட்சியைத்தான்.

ஸ்வீடன் கதையை எதுக்கு லாஸ் அலமோஸுக்குக் கொண்டுபோனாங்க?

மூலக்கதை நடப்பது ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெர்க்கில். லிண்ட்க்விஸ்ட் வளர்ந்த இடம் அது. ஒரே மாதிரிக் கட்டடங்கள், அரசாங்கம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து கொடுத்த குடியிருப்பு, யாரும் யாரிடமும் பேசுவதில்லை. படப்பிடிப்பில் பெரும்பகுதி வடக்கே லூலியோவில் நடந்தது, பனி நிச்சயமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

ரீவ்ஸ் கதையை நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸுக்கு, 1983 மார்ச் மாதத்துக்கு மாற்றினார். பனி விழும் மலையூர், வெளியுலகிலிருந்து ஒதுங்கியது. அணுகுண்டு உருவான ஊரும்கூட. அந்த மாதம்தான் அதிபர் ரீகன் சோவியத் யூனியனைத் ‘தீய சாம்ராஜ்யம்’ என்று பேசினார். மருத்துவமனைத் தொலைக்காட்சியில் அந்தப் பேச்சு ஓடுகிறது. தீமை எங்கோ வெளியே இருக்கிறது, நாம் நல்லவர்கள் என்று அதிபர் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டில், ஓவன் தன் அப்பாவுக்குப் போன் போட்டு, தீமை என்று ஒன்று இருக்கிறதா, மனிதர்கள் தீயவர்களாக இருக்க முடியுமா என்று தழுதழுக்கிறான். அப்பாவோ, இதெல்லாம் உன் அம்மா சொல்லிக் கொடுத்ததா என்று எரிச்சல்படுகிறார். அம்மா பக்திமிக்கவர், மணவிலக்குச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. மூலத்தில் இல்லாத இந்தப் போன் காட்சி நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

ஒரு கொசுறு: மூலத்தின் ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமா, ரீமேக்கின் ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேசர். இருவரும் பின்னாளில் ஆஸ்கர் வாங்கினார்கள், ஃப்ரேசர் ‘டியூன்’ படத்துக்கு, ஹொய்ட்டெமா லாஸ் அலமோஸில் அணுகுண்டு உருவான கதையான ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்கு. லாஸ் அலமோஸ் படத்துக்குப் பரிசு வாங்கியவர் ஸ்வீடன் பனியைப் படம்பிடித்தவர்!

ஓவனோட அம்மா முகத்தை ஏன் காட்டவே இல்லை?

வேண்டுமென்றேதான். காரா புவோனோ நடித்திருக்கிறார், ஆனால் முகம் எப்போதும் மங்கலாகவோ திரைச் சட்டகத்துக்கு வெளியிலோ இருக்கும். அப்பா வெறும் போன் குரல். பையனின் உலகத்தில் பெரியவர்கள் அந்த அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அந்த அப்பாவின் குரல் யாருடையது தெரியுமா? போலீஸ்காரராக வரும் இலியாஸ் கோட்டியாஸுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மூலத்தில் ஓஸ்கர் அப்பாவைப் பார்க்கக் கிராமத்துக்கே போவான். இருவரும் பனியில் விளையாடுவார்கள், சிரிப்பார்கள். ஒரு நண்பர் வந்து உட்கார்ந்து மது ஊற்றியதும் அப்பாவுக்கு மகன் மறந்துபோவான். சத்தமே இல்லாத அந்தக் காட்சிக்கு ரீமேக்கில் ஈடு கிடையாது.

இங்கிருந்து கீழே கதை முழுக்க உடையும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆபியோட இருக்கிற பெரியவர் அவளுக்கு அப்பாவா?

இல்லை. ரீமேக்கில் ஓவன் அவள் வீட்டில் ஒரு பழைய புகைப்படத் துண்டைக் கண்டெடுக்கிறான். அதில் ஆபியும் கண்ணாடி போட்ட ஒரு சிறுவனும். அந்தச் சிறுவன்தான் இப்போதைய பெரியவர். பல பத்தாண்டுகளுக்கு முன்பு ஓவனைப் போலவே அவளைச் சந்தித்து, கூடப் போய், அவளுக்காகக் கொலை செய்தே கிழவரானவர். ரிச்சர்ட் ஜென்கின்ஸ் அதிகம் பேசாமலே இதைக் கொண்டுவருகிறார். பனியில் வழுக்கி, சேகரித்த ரத்தத்தைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பிடிபட்டுவிடுவோம் என்ற பயமெல்லாம் அதில் இல்லை, அலுப்புதான். இன்றிரவு அந்தப் பையனைப் பார்க்காதே என்று அவளிடம் கெஞ்சுவதும் பொறாமை பிடித்த பையனின் கெஞ்சல்தான்.

மூலத்தில் அந்தப் பெரியவர், ஹோகன், யாரென்று சொல்லப்படுவதே இல்லை. நாவலில் அவர் வேறு ஆள்: பிள்ளைகள்மீது தவறான நாட்டம் கொண்ட முன்னாள் ஆசிரியர், ஏலியைச் சந்தித்தே வெகுகாலம் ஆகவில்லை. ஆல்ஃப்ரெட்சன் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டார். காலியான இடத்தைப் பார்வையாளர்கள் தாங்களாக நிரப்பிக்கொண்டார்கள். ரீவ்ஸ் அந்த நிரப்பலை எடுத்துக் கதையாகவே ஆக்கிவிட்டார்.

அப்போ ஆபி நிஜமாவே நட்பா இருக்காளா, இல்லை அடுத்த ஆளைப் பிடிக்கிறாளா?

அதிகம் சண்டை வரும் கேள்வி இது. எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வியில் நான் மறைத்து வைத்ததும் இதைத்தான்.

அமெரிக்கப் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓவனின் எதிர்காலம் அந்தப் புகைப்படத்தில் இருக்கிறது. கடைசியில் ரயிலில் மிட்டாய் விளம்பரப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகும் பையன், பின்னொரு நாள் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய காரின் பின்சீட்டில் பதுங்கப் போகிறவன். அதற்காக ஆபி நடிக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பையனையும் ஒருகாலத்தில் அப்படித்தான் பிடித்திருக்கும். பாசமும் தேவையும் ஒரே இடத்திலிருந்து வரும்போது எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். 12 வயதிலேயே நின்றுபோன ஒருத்தியிடம் அந்தத் தெளிவை எதிர்பார்ப்பதும் அதிகம்தான்.

ஸ்வீடன் படத்தில் இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கின்றன. ஓஸ்கர் இன்னொரு ஹோகன் ஆகலாம், ஆகாமலும் போகலாம். என் ஓட்டு மூலத்துக்குப் போவது இந்த ஒரு காரணத்தால்தான். புகைப்படம் நல்ல கதைத் திருப்பம், துக்கத்தையும் கூட்டுகிறது. ஆனால் அது வந்த நிமிடத்திலிருந்து இரண்டு பிள்ளைகளின் ஒவ்வொரு சிரிப்பையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. சிலருக்கு அதுதான் ரீமேக்கின் பலம். அவர்களோடு சண்டை போட்டு நான் இதுவரை ஜெயித்ததில்லை.

‘நான் பொண்ணு இல்லை’ன்னு சொல்றாளே, ரத்தக்காட்டேரிங்கிறதாலயா?

அமெரிக்கப் படத்தில் அப்படி எடுத்துக்கொள்ளலாம். அங்கே அதற்குமேல் விளக்கம் கிடையாது. மூலத்தில் வேறு பொருளும் உண்டு. ஏலி உடை மாற்றும்போது ஓஸ்கர் தற்செயலாகப் பார்க்க, ஒரு கணம் பழைய தழும்பு ஒன்று தெரிகிறது. கண் சிமிட்டினால் தவறிவிடும். நாவலில் இது விரிவாக வருகிறது: ஏலி பிறந்தது எலியாஸ் என்ற பையனாக. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ரத்தக்காட்டேரியான ஒரு பிரபுவின் கையில் சிக்கி, ஆண்மை நீக்கப்பட்டவன்.

ஏலியின் குரல் வயதுக்குப் பொருந்தாமல் தடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நடித்தது லீனா லியாண்டர்சன், குரல் எலிஃப் செய்லான் என்ற வேறொருவருடையது. ஆணா பெண்ணா, சிறியதா பெரியதா என்று பிடிபடாமல் இருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். க்ளோயி கிரேஸ் மொரெட்ஸ் நல்ல நடிகை. ஆனால் அவர் ஆபியாக வரும்போது ஒரு சிறுமியாகத்தான் தெரிகிறார். அந்தப் புதிர் ரீமேக்கில் போய்விட்டது.

கூப்பிடாம உள்ளே வந்தா ஏன் ரத்தம் கொட்டுது?

வீட்டுக்காரர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி வாசல் தாண்டாது என்பது பழைய நம்பிக்கை, 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவலிலும் இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்று பெரும்பாலான கதைகள் காட்டுவதில்லை. லிண்ட்க்விஸ்ட் அதைக் காட்டியதுதான் புதுமை. காரணத்தை யாரும் விளக்குவதில்லை. விளக்கினால் கெட்டுவிடும்.

காட்சியின் உயிர் வேறிடத்தில். பையன் சீண்டுகிறான்: கூப்பிடாவிட்டால்தான் என்ன, வந்துதான் பாரேன். அவள் வருகிறாள். தலையிலிருந்தும் கண்ணிலிருந்தும் ரத்தம் கசியத் தொடங்கியதும் அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, வா, உள்ளே வரலாம் என்கிறான். அதுவரை அடி வாங்கி மட்டுமே பழகியவன் முதல்முறையாக இன்னொருவரை வலிக்கச் செய்து பார்க்கிறான். ரீமேக்கில் பிறகு அவன், செத்துப் போயிருப்பாயா என்று கேட்க, நீ விடமாட்டாய் என்று தெரியும் என்கிறாள். அந்தப் பதிலை மேலே சொன்ன சண்டையில் இரண்டு தரப்புமே சாட்சிக்கு இழுக்கலாம்.

குளியலறைல போலீஸ்காரர் சாகும்போது ஓவன் ஏன் ஒண்ணும் செய்யலை?

செய்கிறான். அதுதான் கொடுமை. போலீஸ்காரர் தரையில் கிடந்து அவனை நோக்கிக் கை நீட்டுகிறார். ஓவனும் கை நீட்டுவது போலிருக்கும், ஆனால் கதவின் பிடியைத்தான் பிடிக்கிறான். மெதுவாகச் சாத்துகிறான். நல்லது செய்ய வந்த, எந்தத் தப்பும் செய்யாத மனிதர் அவர். குரல் விஷயத்தை இப்போது சேர்த்துப் பாருங்கள்: அவன் கதவைச் சாத்துவது அப்பாவின் குரல் உள்ள ஒருவர்மீது.

மூலத்தில் அந்த இடத்தில் வருபவர் லாக்கே, நண்பனையும் காதலியையும் பறிகொடுத்துவிட்டுப் பழிவாங்கக் கத்தியோடு வரும் குடிகாரர். ஓஸ்கர் சத்தம் போட்டு ஏலியைக் காப்பாற்றுகிறான். அங்கே அது பதற்றத்தில் நடந்துவிடுகிறது. இங்கே ஓவன் யோசித்துச் செய்கிறான். ரீமேக் மூலத்தை மிஞ்சும் இடம் எது என்று கேட்டால் கார் காட்சிக்கு அடுத்து இதைச் சொல்வேன்.

நீச்சல் குளம் எதுல நல்லா இருக்கு?

ஸ்வீடன் படத்தில், சந்தேகமே இல்லாமல். அடிக்கும் பையனின் அண்ணன் ஓஸ்கரின் முடியைப் பிடித்து நீருக்குள் அழுத்தி, மூன்று நிமிடம் தாக்குப்பிடி என்கிறான். கேமரா நீருக்கடியில் ஓஸ்கர் முகத்தோடு அசையாமல் நிற்கிறது. மேலே ஏதோ மங்கலான சத்தம். பின்னால் ஒருவனின் கால்கள் நீரைக் கிழித்துக்கொண்டு இழுபட்டுப் போகின்றன. ஒரு தலை விழுகிறது. முடியைப் பிடித்திருந்த கை தனியாகக் கழன்று மிதக்கிறது. அப்புறம் ஏலியின் கண்கள். ரீமேக் அதே யோசனையை எடுத்து, வேகத்தையும் சத்தத்தையும் ஏற்றியிருக்கிறது. கேட்காமல் விட்டதும் பார்க்காமல் விட்டதும்தான் மூலத்தில் பயமுறுத்தின.

ரயில்ல பெட்டியைத் தட்டுறது என்ன?

மோர்ஸ் சங்கேதம். பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சுவர்வழியாகப் பேசிக்கொள்ள இருவரும் பழகியது. பகல் என்பதால் அவள் பெட்டிக்குள் இருக்கிறாள். மூலத்தில் ஓஸ்கர் தட்டுவது ஒரு சின்ன முத்தம்.

ரீமேக்ல ஆபி தாக்குறப்போ கிராஃபிக்ஸ் ஏன் அவ்வளவு மோசம்?

மோசம்தான். சுரங்க நடைபாதையில் அவள் ஒருவர்மேல் பாயும்போது கம்ப்யூட்டர் பொம்மை துள்ளுவது அப்பட்டமாகத் தெரியும். மூலத்தில் அதேபோன்ற தாக்குதல் பாலத்துக்கடியில், தூரத்திலிருந்து, இருட்டோடு இருட்டாக நடக்கும். குழந்தை ஒரு பெரிய ஆளைத் தொற்றிக்கொண்டு விடமாட்டேன் என்பது போல இருக்கும்.

ஆனால் மூலத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கடிபட்ட வர்ஜீனியா என்ற பெண்ணைப் பூனைகள் கூட்டமாகப் பாய்ந்து கடிக்கும் காட்சி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரீவ்ஸ் அந்தக் காட்சியை எடுக்கவே இல்லை, புத்திசாலி.

இவ்வளவு நல்ல படம்னா ஏன் ஓடலை?

சுமார் 2 கோடி டாலரில் எடுத்தது, அமெரிக்காவில் வசூலானது ஏறக்குறைய 1.2 கோடி. 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது, ‘தி சோஷியல் நெட்வொர்க்’ வெளியான அதே நாள். விநியோகிக்க இருந்த ஓவர்ச்சர் நிறுவனம் சில மாதங்களுக்கு முன்புதான் கைமாறியிருந்தது. ‘ட்வைலைட்’ அலை அடித்துக்கொண்டிருந்த காலம் வேறு. ரத்தக்காட்டேரி என்றால் அழகான காதலன் என்று வந்த கூட்டத்துக்கு இது பிடிக்க வாய்ப்பில்லை. பேய்ப்பட ரசிகர்களுக்கு மெதுவாகப் பட்டது. மூலத்தைக் கொண்டாடியவர்களோ ரீமேக் என்றதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டீஃபன் கிங் மட்டும் இருபது ஆண்டுகளில் வந்த மிகச் சிறந்த அமெரிக்கத் திகில் படம் என்று புகழ்ந்தார். அது சுவரொட்டிக்கு உதவியது, டிக்கெட்டுக்கு உதவவில்லை.

மூலத்தை எடுத்தவங்க ரீமேக் பத்தி என்ன சொன்னாங்க?

ஆல்ஃப்ரெட்சனுக்குப் பிடிக்கவில்லை. ரீமேக் என்பது சரியாக வராத படங்களுக்குச் செய்ய வேண்டியது என்பது அவர் வாதம். எழுத்தாளர் லிண்ட்க்விஸ்டோ இரட்டிப்பு மகிழ்ச்சியில் இருந்தார். தன் முதல் நாவலிலிருந்து ஒன்றல்ல, இரண்டு அருமையான படங்கள் கிடைத்தன என்றார்.

ஆனால் அவருக்கும் ஒரு குறை இருந்தது, அது நம் பழைய சண்டையிலேயே வந்து நிற்கிறது. ஓஸ்கர் அடுத்த ஹோகன் ஆகப் போகிறான் என்று பலரும் முடிவுகட்டியது அவருக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதிலாகவே ‘லெட் தி ஓல்ட் ட்ரீம்ஸ் டை’ என்று ஆங்கிலத்தில் வந்த சிறுகதையை எழுதினார். பின்னாளில் ஓஸ்கரும் ஏலியும் என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் வேறு ஒரு குறிப்பு கிடைக்கும். என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை, இருபது முப்பது பக்கக் கதைதான்.

இதுக்கு அப்புறம் வேற ஏதாவது வந்திருக்கா?

ஸ்காட்லாந்து தேசிய நாடக அரங்கு 2013இல் மேடை நாடகமாகப் போட்டது. 2022இல் அமெரிக்காவின் ஷோடைம் தொலைக்காட்சி தொடராக எடுத்தது, ஒரே பருவத்தோடு நிறுத்திவிட்டது. அதில் பெரியவர் உண்மையிலேயே அந்தப் பெண்ணின் அப்பா. ஹோகன் யார் என்ற கேள்வியையே எடுத்துவிட்டால் இந்தக் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நேரம் இருந்தால் அதற்குப் பதில் நாவலைப் படியுங்கள். படங்களைவிடக் கொடூரமானது, மனம் திடமாக இருக்கும் நாளில் எடுங்கள்.